கருவிழி முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா? சிறு கீறல் சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவிழி மாற்று ஆபரேஷன் என்றால் கருவிழி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைத் தைப்பதுதானே?

நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. (இங்கே கருவிழி என்பது கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் கார்னியா.) 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்ஸ் நகரில் எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு தொழிலாளிக்கு முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது முழுத் தடிமன் மாற்றுதான். அதற்குப் பிறகு சுமார் நூறு ஆண்டுகள் எந்தக் கோளாறாக இருந்தாலும் பெரும்பாலும் அதே சிகிச்சைதான்.

கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன்தான். அதற்குள் மேல்தோல், அதன் கீழே ஒரு மெல்லிய படலம், தடிமனில் 90 சதவீதம் வரும் நடுச்சதை, டெசிமெட் சவ்வு, அதன் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக ஒட்டியிருக்கும் உள்செல்கள் என அடுக்குகள் உண்டு. பெரும்பாலான நோய்கள் இவற்றில் ஒன்றிரண்டை மட்டுமே கெடுக்கின்றன. கெட்ட அடுக்கை மட்டும் எடுத்து நல்லவற்றை விட்டுவைப்பதே இன்றைய முறை. அதனால் கீறல் சிறிது, தையல் குறைவு, உடல் எதிர்க்கும் வாய்ப்பும் குறைவு. மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “என் கண்ணில் எந்த அடுக்கு கெட்டிருக்கிறது?” என்பதுதான். மற்ற முடிவுகள் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஸ்லிட் லாம்ப் என்ற விளக்கு நுண்ணோக்கியில் அனுபவமுள்ள மருத்துவருக்குப் பாதி தெரிந்துவிடும். மீதிக்கு மூன்று பரிசோதனைகள். ஓசிடி ஸ்கேன், தழும்பு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் என்று காட்டும். டோப்போகிராபி, கருவிழியின் வளைவையும் தடிமனையும் வரைபடமாகத் தரும். ஸ்பெக்குலர் மைக்ராஸ்கோபி, உள்செல்களை எண்ணும். இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 2,500 முதல் 3,000 உள்செல்கள் இருக்கும். இவை திரும்ப வளராது. எண்ணிக்கை 500-ஐ ஒட்டி இறங்கினால் கருவிழி நீர்கோக்கத் தொடங்கும். மூன்றும் வலியில்லாதவை. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டோப்போகிராபிக்கு முன் அதைக் கழற்றி வைக்க வேண்டும்: மென்மையான லென்ஸ் என்றால் குறைந்தது ஒரு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவம் வரைபடத்தில் பதிந்து, நோய் கூடிவிட்டதாகவோ குறைந்துவிட்டதாகவோ தவறாகக் காட்டும்.

புரை ஆபரேஷன் செய்து சில வருடம் கழித்துக் கண் மங்கிவிட்டது. காலையில் அதிகம் மங்குகிறது, மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் தெளிகிறது. ஏன்?

இது உள்செல் பலவீனத்தின் அடையாளம். உள்செல்களின் வேலை, கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது. இரவில் இமை மூடியிருப்பதால் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகாது. இறைக்கும் செல்களும் போதாதபோது காலையில் கருவிழி ஊதியிருக்கும், பகலில் கண் திறந்திருக்கையில் சற்று வற்றும். புரை ஆபரேஷனில் உள்செல்கள் இழந்தவர்களுக்கும், ஃபக்ஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் இது வரும். முற்றினால் மேற்பரப்பில் நீர்க்கொப்புளங்கள் வந்து உடையும்போது ஊசி குத்துவது போல வலிக்கும்.

5 சதவீத உப்புச் சொட்டு மருந்து ஆரம்பத்தில் சில மாதம் உதவலாம். தீர்வு என்று பார்த்தால் டிமெக் அல்லது டிசெக் என்ற உள்ளடுக்கு மாற்றுதான். தள்ளிப்போட்டால் நீர் ஊறிய நடுச்சதையில் தழும்பு விழும். பிறகு உள்ளடுக்கை மட்டும் மாற்றினாலும் முழுத் தெளிவு வராது.

டிமெக் எப்படிச் செய்கிறார்கள்?

டிமெக் முறையை 2006-இல் நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் அறிமுகப்படுத்தினார். இதில் மாற்றப்படும் சவ்வு 10 முதல் 15 மைக்ரான் தடிமன்தான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பகுதி.

தானக் கருவிழியின் உட்புறத்திலிருந்து டெசிமெட் சவ்வை உள்செல்களோடு சேர்த்து, திரவத்துக்குள் வைத்தே உரிப்பார்கள். 8 அல்லது 8.5 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டியதும் அது தானாகச் சுருண்டு, உள்செல்கள் வெளிப்பக்கமாக இருக்கும் குழலாகிவிடும். நிறமே இல்லாத அதை ட்ரைபான் நீலத்தில் ஊறவைத்துக் கண்ணுக்குத் தெரியச் செய்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கண் இதற்கு விரும்பப்படுகிறது. இளையவர்களின் சவ்வு இறுகச் சுருளும், உரிக்கும்போது கிழியவும் செய்யும்.

நோயாளியின் கண்ணில் சுமார் 3 மில்லிமீட்டர் கீறல் போட்டு, கெட்ட சவ்வை வட்டமாகச் சுரண்டி எடுப்பார்கள். கருமணியைச் சுற்றி நிறத்தோடு தெரியும் கருமணிப் படலத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளையும் இடுவார்கள். காரணம் பின்னால் வருகிறது. பிறகு சுருளைக் குழாய் வழியே உள்ளே செலுத்தி, கருவிழிக்கும் கருமணிப் படலத்துக்கும் இடையிலுள்ள முன்னறையின் ஆழத்தைக் குறைத்து, கருவிழிக்கு வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தட்டியே விரிக்க வேண்டும். கருவியால் தொட்டால் செல்கள் சாகும். பொறுமை மிகவும் தேவைப்படும் கட்டம் இதுதான். விரிந்ததும் மேல்கீழ் சரியா என்று பார்ப்பார்கள். பல கண் வங்கிகள் சவ்வில் ‘எஸ்’ என்ற எழுத்தை முத்திரையிட்டே அனுப்புகின்றன. அது கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பித் தெரிந்தால் சவ்வு தலைகீழ். தலைகீழாக வைத்த சவ்வு ஒட்டாது, நீரையும் இறைக்காது. சரியாக இருந்தால் அடியில் காற்றையோ 20 சதவீத எஸ்எஃப்6 வாயுவையோ நிரப்பிச் சவ்வை மேலே அழுத்துவார்கள். அதைத் தாங்கிப்பிடிப்பது அந்தக் குமிழிதான், தையல் அல்ல. கீறலுக்கு மட்டும் தேவைப்பட்டால் ஓரிரு தையல் போடுவார்கள்.

பெரும்பாலும் கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி போட்டே செய்கிறார்கள். புரையும் இருந்தால் ஒரே அமர்வில் இரண்டையும் முடிக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு மல்லாந்தே படுக்கச் சொல்வது ஏன்?

குமிழி எப்போதும் மேலே எழும். நீங்கள் முகம் வானத்தைப் பார்க்கப் படுத்தால் மேலே இருப்பது கருவிழி, குமிழி சவ்வை அங்கே அழுத்தும். உட்கார்ந்தால் குமிழி நெற்றிப் பக்கம் நகர்ந்து, சவ்வின் கீழ்ப்பாதிக்குத் தாங்கல் இல்லாமல் போகும். முதல் நாள் சாப்பாடு, கழிப்பறை தவிர மற்ற நேரமெல்லாம் மல்லாந்தே இருங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளும் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அப்படியே. முதுகுவலி உள்ளவர்கள் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். தலைக்கு உயரத் தலையணை வேண்டாம். மல்லாந்து படுக்கவே முடியாத மூச்சிரைப்போ கூனோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைத் தேர்வே மாறக்கூடும்.

காற்று இரண்டு மூன்று நாளில் கரையும், வாயு ஒரு வாரம் வரை நிற்கும். குமிழி முழுதும் கரையும்வரை விமானப் பயணமும், ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையேற்றமும் கூடாது. உயரத்தில் வெளியழுத்தம் குறைய, குமிழி விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

முதல் இரவே புருவத்தில் பிளக்கும் வலியும் வாந்தியும் வந்தால் வலிமாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணுக்குள் நீர் போகும் வழியைக் குமிழி அடைத்திருக்கலாம். இதைத் தடுக்கத்தான் கருமணிப் படலத்தில் அந்தத் துளை. அதையும் மீறி அடைபட்டால் கொஞ்சம் காற்றை வெளியேற்ற வேண்டும், சில நிமிட வேலைதான். தாமதித்தால் கண்நரம்பு பாதிக்கப்படும்.

வைத்த சவ்வு கழன்றுவிட்டால்?

டிமெக்கில் அதிகம் நேரும் சிக்கல் இதுதான். ஓரத்தில் மட்டும் சிறிதாகக் கழன்றிருந்தால் தானாக ஒட்டுவதும் உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழன்றாலோ பார்வையின் நடுவைத் தொட்டாலோ மறுபடி காற்று நிரப்புவார்கள். இதற்கு ரீபப்ளிங் என்று பெயர். சிறிய வேலை, தோல்வி என்று அஞ்ச வேண்டாம். கண்ணைக் கசக்குவது, முதல் நாளே நிமிர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது, சவ்வின் ஓரம் சுருண்டே இருந்தது, பழைய சவ்வின் துணுக்கு இடையில் மாட்டியது எனக் காரணங்கள் பல. முதல் இரண்டு வாரப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள் என்று வற்புறுத்துவது இதற்காகவே.

அப்படியானால் டிசெக் பழசாகிவிட்டதா?

இல்லை. டிசெக்கில் சவ்வோடு சேர்த்து நடுச்சதையின் மெல்லிய தகடும் வரும், மொத்தம் 100 முதல் 200 மைக்ரான். அதனால் சவ்வு சுருளாது, கையாள்வது எளிது. கீறல் 4, 5 மில்லிமீட்டர். பார்வை தெளிய டிமெக்கைவிட நாளாகும், கண்ணாடிப் பவர் பிளஸ் பக்கம் ஒன்று, ஒன்றரை நகரும். ஆனாலும் கண்ணில் செயற்கை லென்ஸே இல்லாதவர்கள், கருமணிப் படலம் சிதைந்தவர்கள், விழித்திரை ஆபரேஷனில் உள்நீர்மம் எடுக்கப்பட்டவர்கள், கண் அழுத்தத்துக்குக் குழாய் பொருத்தியவர்கள் ஆகியோருக்கு டிசெக்கே பாதுகாப்பானது. இந்தக் கண்களில் டிமெக் சுருள் பின்புறம் நழுவிவிடலாம், அல்லது குமிழி நிற்காது. புதியது என்பதற்காக டிமெக்கைக் கேட்டு வாங்குவது சரியல்ல.

பிடெக் என்பது என்ன?

சென்னையின் அமர் அகர்வாலும் இங்கிலாந்தின் ஹர்மிந்தர் துவாவும் சேர்ந்து உருவாக்கி 2014-இல் வெளியிட்ட முறை. டெசிமெட் சவ்வுக்கு மேலே உறுதியான ஒரு மெல்லிய படலம் இருப்பதாக துவா 2013-இல் விவரித்திருந்தார். தானக் கருவிழிக்குள் காற்றைச் செலுத்தி, அந்தப் படலத்தையும் சேர்த்தே பிரித்தெடுக்கிறார்கள். அது டிமெக் சவ்வு அளவுக்குச் சுருளாது, சுலபத்தில் கிழியாது. எனவே உள்செல்கள் நிறைந்த இளம் தானக் கண்களையும், குழந்தைகளின் கண்களையும்கூடப் பயன்படுத்த முடிகிறது.

பதினேழு வயதுப் பையனுக்குக் கூம்புக் கருவிழி (கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய்). சி3ஆர் செய்தால் கண்ணாடி போய்விடுமா?

போகாது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் சி3ஆர் செய்வதால்தான் பல குடும்பங்கள் பிறகு மனம் உடைகின்றன. சி3ஆர் என்பது மருந்தாலும் கதிராலும் கருவிழியை இறுக்கும் சிகிச்சை. கூம்பு மேலும் கூடாமல் நிறுத்துவதே அதன் நோக்கம். பவர் சற்றுக் குறைந்தால் அது உபரி.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறைப்படி, நடுவில் 8, 9 மில்லிமீட்டர் அளவுக்கு மேல்தோலை நீக்கி, 0.1 சதவீத ரைபோஃப்ளேவின் சொட்டை அரைமணி நேரம் விட்டு ஊறவைப்பார்கள். பிறகு சுமார் 370 நானோமீட்டர் புறஊதாக் கதிரை, சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் இன்னொரு அரைமணி நேரம் பாய்ச்சுவார்கள். மருந்தும் கதிரும் சேர்ந்து நடுச்சதையின் கொலாஜன் இழைகளுக்குள் புதிய பிணைப்புகளை உண்டாக்கி இறுக்குகின்றன. 9 மில்லிவாட்டில் 10 நிமிடத்தில் முடிக்கும் வேகமுறையும் உண்டு. மொத்த ஆற்றல் ஒன்றே, 5.4 ஜூல்.

மேல்தோல் நீக்கிய பிறகு குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும். குறைந்தால் கதிர் உள்செல்கள்வரை எட்டி அவற்றைக் கொல்லும். சற்று மெலிந்த கருவிழியை, உப்படர்த்தி குறைந்த ரைபோஃப்ளேவின் விட்டுத் தற்காலிகமாக ஊதச் செய்து சிகிச்சை தரலாம். முடிந்ததும் புண்ணை மூட பேண்டேஜ் லென்ஸ் என்ற மென்மையான காண்டாக்ட் லென்ஸ் வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் கடுமையாக வலிக்கும், கண் கூசும். மேல்தோல் மூட மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை அந்தக் கண்ணில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. மூடாத புண்ணில் கிருமி புகுந்தால் நன்மைக்குச் செய்த சிகிச்சை தழும்பில் முடியும். முதல் சில மாதம் லேசான பனிமூட்டம் போலத் தெரிவது இயல்பு.

கூம்பு கூடுகிறது என்பதற்கு ஆதாரம், ஒரு வருடத்துக்குள் அதிகபட்ச வளைவு ஒரு டயாப்டர் (பவரின் அலகு) அல்லது அதற்கு மேல் ஏறுவது. பதின்வயதினருக்கு இது வேகமாக ஏறும் என்பதால் ஒரு வருடம் காத்திருப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம். முதல் அளவீட்டிலேயே கூம்பு உறுதியானால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று: பையன் கண்ணைக் கசக்குவதை நிறுத்தாவிட்டால் சி3ஆர் செய்தும் கூம்பு கூடலாம். கண் அலர்ஜிக்கு முதலில் மருந்து கொடுத்து அரிப்பை அடக்குங்கள்.

பார்வைத் தெளிவுக்கு, நிலைத்த பிறகு கெட்டி காண்டாக்ட் லென்ஸோ, வெள்ளைவிழியில் அமரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸோ சிறந்த வழி. கருவிழிக்குள் வளையத் துண்டு பொருத்தி வளைவைச் சீர்செய்வதும் உண்டு. சென்னையின் சூசன் ஜேக்கப் பிளாஸ்டிக்குப் பதிலாகத் தானக் கருவிழியிலிருந்தே அந்தத் துண்டை வெட்டி வைக்கும் கேர்ஸ் முறையை உருவாக்கினார்.

லென்ஸும் நிற்காத அளவு கூம்பு முற்றிவிட்டால்?

அப்போது டால்க். முன்னடுக்குகளை மட்டும் மாற்றி, உங்கள் சொந்த டெசிமெட் சவ்வையும் உள்செல்களையும் விட்டுவைப்பது. பெருங்குமிழி முறையை 2002-இல் முகமது அன்வரும் கிளாவுஸ் டைக்மனும் வெளியிட்டார்கள். கருவிழியைப் பாதிக்கு மேல் ஆழமாக வட்டமாய் வெட்டி, நடுச்சதைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்திக் காற்றைத் தள்ளினால், அது சவ்வை நடுச்சதையிலிருந்து பிரித்துப் பெருங்குமிழியாய் நிற்கும். மேலே உள்ளதை வெட்டி எடுத்துவிட்டு, உள்செல் நீக்கிய தானக் கருவிழியை, வழக்கமாக 16 தையல்களால், முடியைவிட மெல்லிய 10-0 நைலான் இழையில் தைப்பார்கள்.

தையல் ஒரு வருடத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதனால் டிமெக் போல மாதத்தில் தெளியாது. நடுவில் ஒரு தையல் தளர்ந்தால் கண் உறுத்தும், பீளை சேரும். அன்றே போய் எடுத்துவிடுங்கள். தளர்ந்த இழை கிருமிக்கு வாசல்.

சவ்வு ஆபரேஷன் நடுவில் கிழிந்தால் முழுத் தடிமன் மாற்றுக்குப் போக வேண்டிவரும். ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கும். கூம்பு வெடித்து நீர்கோத்துத் தழும்பான கண்களில் சவ்வு ஏற்கெனவே கிழிந்திருப்பதால் பெருங்குமிழி பெரும்பாலும் உண்டாகாது. கையாலேயே அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு டால்க் செய்வதற்குக் காரணம், சொந்த உள்செல்கள் மிஞ்சினால் அவற்றை உடல் எதிர்க்கவே எதிர்க்காது. இருபது வயதில் ஆபரேஷன் செய்பவருக்கு அது வாழ்நாள் லாபம்.

கண்ணில் பூ விழுந்திருக்கிறது. லேசரால் எடுக்கலாமா?

தழும்பு மேற்பரப்பை ஒட்டி, சுமார் 100 மைக்ரானுக்குள் இருந்தால் பிடிகே என்ற எக்சைமர் லேசர் சிகிச்சை பயன்படும். நடுச்சதை செதுக்கப்படுவதால் பிளஸ் பவர் கூடும், அதை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். சிறுவயதிலேயே பூ விழுந்து அந்தக் கண் பார்க்கவே பழகாமல் போயிருந்தால் எந்த ஆபரேஷனும் பார்வையை முழுதாகத் தராது.

குழந்தையின் கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்துவிட்டது. ஆறியபின் கருவிழி மாற்றினால் போதுமா?

முதலில், தெறித்த அந்த நொடியிலேயே சுத்தமான தண்ணீரால் குறைந்தது அரைமணி நேரம் கழுவ வேண்டும். எலுமிச்சையோ வேறு புளிப்போ விடாதீர்கள். இமைக்குள் ஒட்டிய சுண்ணாம்புத் துகளை மருத்துவமனையில் இமையைப் புரட்டி எடுத்தாக வேண்டும். அது இருக்கும்வரை எரித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பாக்கெட்டில் வரும் சுண்ணாம்பைக் குழந்தை பிதுக்கும்போது நேராகக் கண்ணில் பீய்ச்சும். கை எட்டும் இடத்தில் அதை வைக்காதீர்கள், தயவுசெய்து.

சுண்ணாம்பு அழிப்பது கருவிழியின் விளிம்பிலுள்ள மூலச்செல்களை. மேல்தோலைப் புதுப்பிப்பவை அவையே. அவை இல்லாத கண்ணில் கருவிழியை மட்டும் மாற்றினால் அதன்மீது மேல்தோல் வளராமல் மறுபடி வெளுத்துவிடும். ஐதராபாத்தின் விரேந்தர் சங்வானும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஸ்லெட் முறையில், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, எட்டுப் பத்துத் துணுக்காக நறுக்குகிறார்கள். பாதித்த கண்ணின்மேல் பனிக்குடச் சவ்வைப் பரப்பி, அதில் துணுக்குகளைத் திசுப்பசையால் வட்டமாக ஒட்டுகிறார்கள். ஆய்வகத்தில் செல் வளர்க்கும் செலவில்லை. ஒரு கண் முழு நலமாக இருந்தால்தான் இது நடக்கும்.

வயலில் நெல் பட்டுக் கண்ணில் புண். அதற்கும் இதுபோலச் சின்ன ஆபரேஷன் போதுமா?

பூஞ்சைப் புண் மருந்துக்கு அடங்கினால் ஆபரேஷனே தேவையில்லை. 5 சதவீத நட்டாமைசின் சொட்டுதான் முதல் மருந்து. மதுரை அரவிந்த் மருத்துவமனையும் பங்கேற்று 2013-இல் வெளியான ஆய்வில் வொரிகோனசோலைவிட அதுவே மேலானது என்று தெரிந்தது. அடங்காமல் ஓட்டை விழும் நிலைக்கு வந்தால் முழுத் தடிமன் மாற்றுதான், ஏனென்றால் பூஞ்சை எல்லா அடுக்கிலும் ஊடுருவியிருக்கும். மருந்துக்கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு, இலைச்சாறு, தாய்ப்பால் மூன்றும் புண்ணை ஆழமாக்கும்.

புதிய சவ்வை உடல் ஏற்காவிட்டால் எப்படித் தெரியும்?

சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. நான்கில் ஒன்று ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும் போய்க் காட்டுங்கள். டிமெக்கில் முதல் இரண்டு ஆண்டில் சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான் எதிர்ப்பு வருகிறது, முழுத் தடிமன் மாற்றில் அது பல மடங்கு. சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டு சொட்டை மணிக்கொருமுறை விட்டுப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கண் நன்றாகத் தெரிகிறதே என்று சொட்டை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நாளுக்கு நான்கு முறை என்று தொடங்கி மாதக்கணக்கில் குறைத்து, ஒரு வேளை மட்டுமாகவாவது ஒரு வருடத்துக்கு மேல் விடச் சொல்வார்கள். அதே சொட்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். எனவே ஒவ்வொரு பரிசோதனையிலும் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

தானக் கண்ணுக்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும்? விலை கொடுக்க வேண்டுமா?

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பு வியாபாரம் குற்றம். பரிசோதனை, பதப்படுத்தல் செலவை மட்டும் வாங்குவார்கள். மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற திரவத்தில் கருவிழியை 14 நாள் வரை குளிரில் வைக்கலாம். பழைய எம்கே திரவத்தில் 4 நாள்தான். அதனால் திடீர் அழைப்பு வரலாம், கைபேசியை அணைத்து வைக்காதீர்கள். இலங்கையில் ஹட்சன் சில்வா 1961-இல் தொடங்கிய கண் தானச் சங்கம் பல நாடுகளுக்குக் கருவிழி அனுப்பிவந்திருக்கிறது.

அடுக்கு மாற்று முறைகளில் ஒரே தானக் கருவிழியின் முன்பகுதியை ஒருவருக்கு டால்க்காகவும், உட்சவ்வை இன்னொருவருக்கு டிமெக்காகவும் வைக்க முடியும். புரை ஆபரேஷன் ஆனவர், கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி எல்லாரும் தானம் தரலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தானக் கண்ணே இல்லாமல் முடியாதா?

ஃபக்ஸ் நோய் நடுவில் மட்டும் இருந்து ஓரச் செல்கள் நன்றாக இருந்தால், நடுவில் 4 மில்லிமீட்டர் சவ்வை மட்டும் உரித்துவிட்டு ஓரச் செல்கள் நகர்ந்து மூடக் காத்திருக்கலாம். ரிபாசுடில் சொட்டு அதை வேகப்படுத்துகிறது. தெளிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ஜப்பானில் ஷிகேரு கினோஷிடா குழுவினர், ஆய்வகத்தில் பெருக்கிய உள்செல்களை ஊசியால் கண்ணுக்குள் செலுத்தும் முறையை 2018-இல் வெளியிட்டார்கள். 2023-இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. ஒரு தானக் கண்ணிலிருந்து பலருக்குச் செல்கள் தர முடியும் என்பது எங்களுக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. இதற்கு மூன்று மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டும், செல்கள் கருவிழிமேல் படிய.

தலைக்கு எப்போது குளிக்கலாம்? பத்தியம் உண்டா? டிவி பார்க்கலாமா?

பத்தியம் எதுவும் இல்லை. மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். மல்லாந்து படுக்கும் நாட்கள் முடிந்ததும் டிவியும் கைபேசியும் பார்க்கலாம். கழுத்துக்குக் கீழே மறுநாளே குளிக்கலாம். தலைக்கு இரண்டு வாரம் கழித்து, சலூனில் போலப் பின்பக்கம் சாய்ந்து மற்றவர் ஊற்ற வேண்டும். எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் ஒரு மாதம் வேண்டாம். தூங்கும்போது பிளாஸ்டிக் கண்மூடியை நான்கு வாரமாவது கட்டிக்கொள்ளுங்கள். அடுப்படி வேலையில் தாளிப்புத் தெறிக்காமல் கண்ணாடி அணிந்தால் போதும். டால்க்கும் முழுத் தடிமன் மாற்றும் செய்தவர்கள் கபடி, கிரிக்கெட், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது எதிலும் பாதுகாப்புக் கண்ணாடியை விடக்கூடாது. தையல் எடுத்த பிறகும் அந்த வட்டத் தழும்பு முன்போல உறுதியாவதில்லை, ஒரு விரல் பட்ட வேகத்தில் திறந்துகொண்ட கண்கள் உண்டு.